அடுப்பு தனி, கிணறு பொது: ஆரில் எல்எம்இ4 நிறுவிய கதை

அக்கா மகள் போன் செய்தபோது இரவு பத்தரை மணி. "மாமா, நேத்து வரைக்கும் ஓடிட்டு இருந்துச்சு. இன்னைக்கு ஓட மாட்டேங்குது. நான் ஒண்ணுமே பண்ணல" என்றாள். எங்கள் குடும்பத்தில் கணினி பற்றி யார் போன் செய்தாலும் கடைசி வரி இதுதான். ஏதோ செய்திருப்பார்கள். கேட்கிற விதத்தில் கேட்டால் பத்து நிமிடத்தில் வெளியே வரும்.

அவள் வேளாண்மையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். நெல் வயலில் தழைச்சத்தை மூன்று அளவுகளில் கொடுத்து, நாலு ரெப்ளிகேஷன் (அதே சோதனையை வேறு பாத்திகளில் மறுபடி செய்வது) போட்டு, மூன்று பருவம் விளைச்சலை அளந்து வைத்திருக்கிறாள். பக்கத்துப் பக்கத்துப் பாத்திகள் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். ஒரே மண், ஒரே வாய்க்கால் தண்ணீர். அவற்றைத் தனித்தனி ஆட்களாக எண்ணிக் கணக்குப் போட்டால் முடிவு பொய்யாகிவிடும். அதனால்தான் அந்த ஒற்றுமையையும் கணக்கில் சேர்க்கும் கலப்பு மாதிரி, அதாவது மிக்ஸ்டு மாடல். புள்ளியியல் கணக்குக்கான ஆர் என்ற நிரல் மொழியில் அதற்குப் பெரும்பாலானவர்கள் எடுப்பது எல்எம்இ4 என்கிற பேக்கேஜ், அதாவது கூடுதலாக நிறுவிக்கொள்ளும் நிரல் தொகுப்பு. அதில் எல்மெர் என்று ஒரு ஃபங்ஷன். நான் புள்ளியியல் படித்தவன் இல்லை. சர்வர் பார்த்துக்கொள்கிற வேலை. மாடல் சரியா தப்பா என்பது அவள் பாடு, ஓடுகிறதா இல்லையா என்பது என் பாடு என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வந்தாள். ஒரு பையில் அழுக்குத் துணி, இன்னொன்றில் மடிக்கணினி. 4 ஜிபி ராம், உபுண்டு 22.04. விண்டோஸைத் தூக்கிவிட்டு உபுண்டு போட்டுக் கொடுத்தது நான்தான், அதனால் பழியும் என் தலையில்தான்.

எல்மெரை ஓட்டியதும் வந்த பிழைச் செய்தியில், கோல்மாட் என்று தொடங்கும் நீளமான ஒரு ஃபங்ஷன் பெயரைச் சொல்லி, 'மேட்ரிக்ஸ் பேக்கேஜ் இதைத் தரவில்லை' என்று இருந்தது. கோல்மாட்டை நான் முதலில் கோல்மால் என்றே படித்தேன். அப்படிப் படித்ததிலும் பெரிய தவறில்லை என்று பிறகு தெரிந்தது. கோல்மாட் என்பது கோலெஸ்கி பகுப்பைச் செய்கிற ஒரு சி நிரல் தொகுப்பு. கோலெஸ்கி பிரெஞ்சு ராணுவத்தில் நில அளவை செய்தவர், 1918-ல் முதல் உலகப் போரில் இறந்தவர். அவர் நில அளவைக்காகக் கண்டுபிடித்த கணக்கு இன்று நெல் பாத்திக்கும் பயன்படுகிறது. பெரும்பாலான இடங்களில் பூஜ்ஜியமே நிரம்பிய மேட்ரிக்ஸ்களை அந்த முறையில் வேகமாக உடைத்துக் கொடுப்பது கோல்மாட்டின் வேலை. ஆரின் மேட்ரிக்ஸ் பேக்கேஜ் அதைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. எல்எம்இ4 வந்து அதைக் கடன் கேட்கும்.

சரி, என்னதான் செய்தாள்? ஆர் நிரல் எழுதும் செயலியான ஆர்ஸ்டூடியோவில் எல்எம்இ4-க்குப் புதிய பதிப்பு இருக்கிறது என்று காட்டியிருக்கிறது. அதை மட்டும் புதுப்பித்திருக்கிறாள். அவ்வளவுதான். தப்பே இல்லை. ஆனால் ஆர் பேக்கேஜ்களின் பொதுச் சேமிப்பகமான கிரான் தளம் லினக்ஸுக்குத் தயார்நிலைப் பேக்கேஜ்களைத் தருவதில்லை, மூல நிரல்தான் தரும். ஒவ்வொன்றையும் கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, நேரமாகிறதே என்று, ஒரு வருடம் முன்பு நான் அவள் கணினியில் போசிட் நிறுவனத்தின் பொதுப் பேக்கேஜ் சர்வரை வைத்துவிட்டிருந்தேன். அது லினக்ஸுக்கும் கம்பைல் செய்து முடித்த மூட்டையாகவே தரும். அப்படி வந்தது எல்எம்இ4 1.1-35.1. அந்த மூட்டையைக் கட்டிய இடத்தில் இருந்தது புதிய மேட்ரிக்ஸ். இவள் கணினியில் இருந்தது உபுண்டுவோடு வந்த பழைய 1.4 வரிசை.

மேட்ரிக்ஸ் 1.6-2 பதிப்பில், மற்ற பேக்கேஜ்கள் உள்ளே அழைக்கும் சில சி ஃபங்ஷன்களின் பெயர்கள் மாறின. புதிய மேட்ரிக்ஸைப் பார்த்துக் கம்பைல் ஆன எல்எம்இ4 புதிய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. பழைய மேட்ரிக்ஸில் அந்தப் பெயரில் ஆளே இல்லை. இதில் கொடுமை, எல்எம்இ4 தனக்குத் தேவை என்று எழுதி வைத்திருக்கும் மேட்ரிக்ஸ் பதிப்பு எண் மிகப் பழையது. அதனால் நிறுவும்போது ஆர் எதிர்ப்பே சொல்லாது. காகிதத்தில் எல்லாம் பொருத்தம், கல்யாணத்துக்குப் பிறகுதான் சண்டை.

இதற்கு ஐந்து நிமிட வைத்தியம் உண்டு. எல்எம்இ4-ஐ மூல நிரலிலிருந்து மறுபடி நிறுவினால், இருக்கிற மேட்ரிக்ஸைப் பார்த்துக் கம்பைல் ஆகிவிடும், பிழை போய்விடும். அல்லது மேட்ரிக்ஸைப் புதுப்பிக்கலாம். இரண்டாவதைச் செய்யக் கை போனபோது அவள் தடுத்தாள். "மாமா, ரெண்டாவது சாப்டர் வேற இருக்கு, அதைத் தொட்டுடாதீங்க." அந்தச் சாப்டரில் பூச்சி எண்ணிக்கைக் கணக்கு. ஏகப்பட்ட பூஜ்ஜியங்கள். அதற்கு கிளிம்டிஎம்பி என்று வேறொரு பேக்கேஜ் பயன்படுத்துகிறாள். அது நம்பியிருப்பது டிஎம்பி என்ற இன்னொரு பேக்கேஜை. அந்த டிஎம்பியோ, தான் கம்பைல் ஆனபோது இருந்த மேட்ரிக்ஸ் வேறு, இப்போது இருப்பது வேறு என்றால் ஏற்றும்போதே எச்சரிக்கை விடும். ஆக, மேட்ரிக்ஸைத் தொட்டால் இங்கே தீரும், அங்கே ஆரம்பிக்கும். தொடாமல் விட்டால் இன்னொரு நாள் இன்னொருவர் புதுப்பிப்பு பொத்தானை அழுத்துவார்.

எல்லா வேலையும் ஒரே லைப்ரரியை, அதாவது பேக்கேஜ்கள் நிறுவப்படும் ஃபோல்டரை, பகிர்ந்துகொள்வதுதான் கோளாறு. கூட்டுக் குடும்பத்தில் ஒரே சமையல்கட்டு மாதிரி. ஒருத்தருக்குக் காரம் குறைத்தால் இன்னொருத்தருக்கு ருசி போய்விடுகிறது. தனிக்குடித்தனம் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆரில் அதற்கு ரென்வ் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. பேக்ராட் என்ற பழைய பேக்கேஜின் இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு புராஜெக்ட் ஃபோல்டருக்கும் தனி லைப்ரரி வைத்து, எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பு என்பதை ஒரு லாக் ஃபைலில் எழுதி வைக்கும். பைத்தானில் வென்வ் பழகியவர்களுக்கு உடனே புரியும்.

(கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஆங்கில எழுத்து தானாக வந்துவிடும்.)

நெல் கணக்கு இருக்கும் ஃபோல்டரில் ஆரைத் திறந்து ரென்வை நிறுவி, ரென்வ்::இனிட்() என்று தட்டினேன். மூன்று பொருட்கள் முளைத்தன. ரென்வ் என்று ஒரு ஃபோல்டர், ரென்வ்.லாக் என்று ஒரு கோப்பு, புள்ளியில் தொடங்கும் ஆர்ப்ரொஃபைல் கோப்பு. இந்தக் கடைசிக் கோப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்த ஃபோல்டரில் ஆர் திறக்கும்போதெல்லாம் தனி லைப்ரரியைப் பார் என்று திசை திருப்பிவிடும் வரி அது. சாதாரண கோப்புப் பட்டியலில் இது கண்ணுக்குத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

ஆர் மறுபடி திறந்தது. எல்மெரை ஓட்டினேன். அதே கோல்மாட். அதே பிழை.

இரண்டு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மேலே ஓடிப்போன செய்திகளைப் பின்னால் நகர்த்திப் படித்தேன். வெறுமனே இனிட் என்று சொன்னால், ரென்வ் நம் நிரலைப் படித்து என்னென்ன பேக்கேஜ் தேவை என்று பட்டியல் எடுக்கும். அவை ஏற்கெனவே பொது லைப்ரரியில் இருந்தால் அங்கிருந்தே எடுத்து வந்து புது வீட்டில் வைத்துவிடும். நல்ல எண்ணம்தான், பதிவிறக்கம் மிச்சம். ஆனால் பழைய வீட்டுக் கரப்பான்பூச்சி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து புது வீட்டுக்கு வருவதுபோல, பழுதான அதே மூட்டை இங்கேயும் குடியேறிவிட்டது.

ரென்வ் ஃபோல்டர், லாக் ஃபைல், ஆர்ப்ரொஃபைல் மூன்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்த முறை ரென்வ்::இனிட்(பேர் = ட்ரூ). பேர் என்றால் வெறும் வீடு. சட்டி பானை எதுவும் வராது.

இங்கே இன்னொரு கண்ணி. ரென்வ் நிறுவும் பேக்கேஜ்கள் உண்மையில் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருப்பதில்லை. ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளி வைத்த கேஷ் ஃபோல்டர் இருக்கிறதல்லவா, அதற்குள் ஆர், அதற்குள் ரென்வ் என்று ஒரு பொதுக் கிடங்கில் இருக்கும். புராஜெக்ட்டுக்குள் இருப்பது அந்த இடத்தைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. பத்து புராஜெக்ட் ஒரே பதிப்பைக் கேட்டாலும் வட்டில் ஒரு பிரதிதான் இருக்கும் என்பது இதன் லாபம். நஷ்டம் என்னவென்றால், முதல் இனிட்டின்போது வந்த பழுதான எல்எம்இ4 அந்தக் கிடங்கிலும் உட்கார்ந்திருந்தது. அதே 1.1-35.1 பதிப்பைக் கேட்டபோது, புதிதாகக் கம்பைல் செய்யாமல் 'கேஷிலிருந்து இணைத்தேன்' என்று கண்சிமிட்டும் நேரத்தில் வேலையை முடித்துவிட்டது. எல்எம்இ4 ஒரு நொடியில் நிறுவப்பட்டால் சந்தேகப்பட வேண்டும். ரீபில்ட் = ட்ரூ என்று சேர்த்தால் கேஷைத் தாண்டிப் புதிதாகக் கட்டும், ரென்வ்::பர்ஜ் கொடுத்தால் அந்த ஒன்றை மட்டும் கிடங்கிலிருந்து எடுத்துவிடும். இவள் கணினியில் வேறு எந்தப் புராஜெக்ட்டும் ரென்வைப் பயன்படுத்தவில்லை என்பதால் நான் கிடங்கையே காலி செய்தேன். உங்கள் கணினியில் வேறு புராஜெக்ட் இருந்தால் இப்படிச் செய்யாதீர்கள். அங்கே இணைப்புகளெல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

கூடவே தயார்நிலை மூட்டை தரும் சர்வரையும் மாற்றினேன். போசிட் சர்வரில் ஒரு வசதி: ஒரு தேதியைச் சொன்னால், அந்த நாளில் கிரான் எப்படி இருந்ததோ அப்படியே தரும். மைக்ரோசாஃப்ட் நடத்திய எம்ரான் முன்பு இதைச் செய்துகொண்டிருந்தது, 2023 ஜூலையில் மூடிவிட்டார்கள். நான் எடுத்த தேதி 2024 பிப்ரவரி 15. காரணம் இருக்கிறது. மேட்ரிக்ஸின் 1.7-0 பதிப்பிலிருந்து ஆர் 4.4 வேண்டும். உபுண்டு 22.04-ல் வருவது ஆர் 4.1.2. வெறுமனே மேட்ரிக்ஸை நிறுவு என்றால் 'உங்கள் ஆர் பதிப்புக்கு இது கிடைக்காது' என்று கையை விரித்துவிடும். அதற்கு முந்தைய 1.6-5 பழைய ஆரிலும் ஓடும். பிப்ரவரி நடுவில் கிரானில் இருந்தது 1.6-5-தான். ஒரே நாளில் இருந்த பேக்கேஜ்கள் என்றால், அவை ஒன்றோடொன்று சேர்ந்து கிரானின் தினசரிச் சோதனையில் ஓடியவை என்ற நம்பிக்கையும் உண்டு. தயார்நிலை மூட்டை வேண்டாம், மூல நிரல்தான் வேண்டும் என்பதால் முகவரியில் லினக்ஸ் என்று வரும் பகுதியை எடுத்துவிட்டேன்.

மேட்ரிக்ஸ் 1.6-5 இருந்தால் பழைய மூட்டையே ஓடியிருக்குமே, எதற்கு வீண் கம்பைல் என்று கேட்கலாம். ஓடியிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஒரு தடவை சூடு பட்டாயிற்று. எந்த மேட்ரிக்ஸோடு ஓடப்போகிறதோ அந்த மேட்ரிக்ஸைப் பார்த்தே எல்எம்இ4 கம்பைல் ஆகட்டும் என்று பிடிவாதம். அதனால் வரிசை முக்கியம். முதலில் மேட்ரிக்ஸ், அது முடிந்த பிறகு எல்எம்இ4.

ரென்வ்::இன்ஸ்டால் கொடுத்து, மேட்ரிக்ஸ் பெயருக்குப் பின் அட் குறி போட்டு 1.6-5 என்றேன். உடனே நின்றது. கம்பைலரே இல்லை.

இதுவும் என் கைங்கரியம். முதன்முதலில் அவளுக்கு ஆர் நிறுவியபோது, மொபைல் டேட்டா மிச்சம் பிடிக்க, பரிந்துரைக்கப்பட்டவை வேண்டாம் என்று உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்டிடம் சொல்லியிருந்தேன். அந்தச் சிக்கனத்தில் ஆர்-பேஸ்-டெவ் வராமல் போயிருந்தது. ஆப்ட் இன்ஸ்டால் ஆர்-பேஸ்-டெவ் என்று கொடுத்ததும் சி, சி++ கம்பைலர்கள், ஜிஃபோர்ட்ரான், மேக், அணிக் கணக்குக்கான பிளாஸ், லாபாக் தொகுப்புகள் எல்லாம் சேர்ந்து வந்தன. ஃபோர்ட்ரான் எதற்கு என்று அவள் கேட்டாள். எல்எம்இ4 கேட்கும் துணைப் பேக்கேஜ்களில் மின்க்யூஏ என்று ஒன்று. பவல் என்கிற கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஃபோர்ட்ரானில் எழுதிய உச்ச நீச்சம் தேடும் நிரல்கள்தான் அதன் உள்ளே இருப்பவை. நல்ல நிரலை யாரும் மாற்றி எழுதுவதில்லை, உறை மட்டும் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் ரென்வ் பற்றி நான் தப்பாக நினைத்திருந்தது உறைத்தது. தனிக்குடித்தனம் என்றால் எல்லாம் தனி என்று நினைத்தேன். இல்லை. அடுப்பு தனி, கிணறு பொது. ஆர் பேக்கேஜ்கள் மட்டும்தான் சுவருக்கு உள்ளே. கம்பைலர், லாபாக், ஏன், ஆரே கூடச் சுவருக்கு வெளியேதான். லாக் ஃபைலில் ஆர் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கும், ஆனால் அந்தப் பதிப்பை ரென்வ் நிறுவித் தராது. கம்பைலரைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

மேட்ரிக்ஸ் கம்பைல் ஆனது. டீ போட்டுக் குடித்து முடிக்கிற நேரம். அடுத்து எல்எம்இ4 1.1-35.1. வரிசையாக ஆர்சிபிபி, மின்க்யூஏ எல்லாம் தாண்டிப் போனது. என்எல்ஆப்ட்ஆர் வந்ததும் கோடு போட்டுப் பெரிய எழுத்தில் சிமேக் கிடைக்கவில்லை என்று நின்றது. என்எல்ஆப்ட் என்ற சி நிரல் தொகுப்புக்கு இது ஆர் உறை. கணினியில் அந்தத் தொகுப்பு ஏற்கெனவே இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தானே கட்டப் பார்க்கும். கட்டுவதற்கு சிமேக் வேண்டும். ஆக இரண்டு வழி: சிமேக்கை நிறுவலாம், அல்லது லிப்என்எல்ஆப்ட்-டெவ் நிறுவலாம். நான் சிமேக்கை எடுத்தேன், நாளைக்கு வேறு பேக்கேஜுக்கும் ஆகும் என்று. இதுவும் கிணற்றுத் தண்ணீர் கணக்குதான், லாக் ஃபைலில் வராது.

அப்புறம் எல்எம்இ4-ன் முறை. கம்பைல் ஓடிக்கொண்டிருந்தது. காற்றாடி விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் போட்டது. திடீரென்று டெர்மினல் ஜன்னலையே காணோம். பிழைச் செய்தி இல்லை, ஒன்றும் இல்லை. "மாமா, நீங்க ஏதாச்சும் அமுக்குனீங்களா?" என்றாள். நான் ஒண்ணுமே பண்ணல என்று சொல்ல வாய் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

பதிவுகளைத் தேடியதில் கிடைத்தது காரணம். எல்எம்இ4 உள்ளே ஐகன் என்ற சி++ தொகுப்பைப் பயன்படுத்துகிறது. அது முழுக்க டெம்ப்ளேட். எழுதுவதற்குச் சுருக்கமாக இருக்கும், கம்பைலர் அதை விரிக்கும்போது நினைவகத்தை வாரிச் சாப்பிடும். ஒரு கோப்புக்கே அப்படி. கம்பைல் வேகமாகட்டும் என்று நாலு வேலையை ஒரே நேரத்தில் ஓட்டும் அமைப்பை எப்போதோ மேக்ஃப்ளாக்ஸில் போட்டு வைத்திருந்தேன். நாலு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் 4 ஜிபி எந்த மூலைக்கு? பின்னால் ஃபயர்ஃபாக்ஸில் பதினெட்டு டேப் வேறு. உபுண்டு 22.04 டெஸ்க்டாப்பில் நினைவகம் நெருக்கடியானால் பெரிய ஆளைப் பார்த்து வெளியேற்றும் காவல்காரன் ஒருவன் இருக்கிறான், சிஸ்டம்டி-ஊம்டி என்று பெயர். அவன் டெர்மினலை மொத்தமாகத் தூக்கி எறிந்திருக்கிறான்.

ஃபயர்ஃபாக்ஸை மூடச் சொன்னேன். ("டேப்பெல்லாம் போயிடுமே" என்று ஒரு முகம்.) ஆர்ஸ்டூடியோவையும் மூடிவிட்டு வெறும் டெர்மினலில் ஆரைத் திறந்தேன். நாலை ஒன்றாகக் குறைத்தேன். மறுபடி ஓட்டியபோது ஏற்கெனவே முடிந்த துணைப் பேக்கேஜ்கள் கிடங்கிலிருந்து உடனே வந்தன. அதே கிடங்கைத்தான் காலையில் திட்டிக்கொண்டிருந்தேன். எல்எம்இ4 மட்டும் தனியாகக் கம்பைல் ஆனது. மெதுவாக, ஆனால் சாகாமல்.

நிறுவிவிட்டது என்று ஆர் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. முதலில் பிழை வந்ததே நிறுவி முடித்த பேக்கேஜில்தானே. எல்எம்இ4-உடன் ஸ்லீப்ஸ்டடி என்ற தரவு வரும். 18 பேரை இரவில் மூன்று மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கவிட்டு, தினமும் எவ்வளவு சீக்கிரம் எதிர்வினை செய்கிறார்கள் என்று மில்லிசெகண்டில் அளந்தது. ஆளுக்குப் பத்து நாள், மொத்தம் 180 வரி. இதை எல்மெரில் போட்டு, ஆளுக்கு ஆள் தொடக்கமும் மாறலாம், சரிவும் மாறலாம் என்று சொன்னால், உலகத்தில் யார் ஓட்டினாலும் தொடக்கம் 251.405, ஒரு நாளைக்கு ஏற்றம் 10.467 என்று வர வேண்டும். மாடல் எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ரெமல் அளவு 1743.6. ஆர் பழகியவர்களுக்கு இந்த எண்கள் வீட்டு போன் நம்பர் மாதிரி. எங்களுக்கும் வந்தது: 251.405, 10.467, 1743.6.

தூக்கம் கெட்டால் நாளுக்குப் பத்து மில்லிசெகண்ட் மந்தமாகிறோம் என்று அர்த்தம் என விளக்கினாள். அப்போது இரவு ஒன்றேகால். என் கணக்கு அதைவிட மோசமாக இருந்திருக்கும்.

அவளுடைய நெல் தரவை ஓட்டினோம். எண்கள் அவள் அச்சடித்து வைத்திருந்த பழைய அட்டவணையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தின. ஒரு மாடலுக்கு மட்டும் 'எல்லையில் நிற்கிறது, சிங்குலர் ஃபிட்' என்று செய்தி வந்தது. அவள் பதறினாள். அது நிறுவலின் கோளாறு இல்லை. ரெப்ளிகேஷன்களுக்கு இடையில் கிட்டத்தட்ட வேறுபாடே இல்லை, அதற்கான மாறுபாட்டைப் பூஜ்ஜியமாக மதிப்பிட்டிருக்கிறேன் என்று எல்மெர் சொல்கிறது. பழைய அட்டவணையிலும் அந்த இடத்தில் 0.00 இருந்தது. வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது, மாமாவிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக ரென்வ்::ஸ்னாப்ஷாட்(). இப்போது இருக்கும் நிலையை லாக் ஃபைலில் எழுதிவிடும். எழுதியது. திறந்து பார்த்தால் எல்எம்இ4-ஐக் காணோம். இவ்வளவு பாடுபட்டு நிறுவியதைத் தவிர மற்ற ஏதேதோ இருக்கிறது.

காரணம் அவள் நிரலில் இருந்தது. ஸ்னாப்ஷாட் சாதாரணமாக நிறுவிய எல்லாவற்றையும் எழுதுவதில்லை. நிரலைப் படித்து, அதில் பயன்படுத்தியிருப்பவற்றையும் அவை நம்பியிருப்பவற்றையும்தான் எழுதும். ஓட்டிப் பார்ப்பதில்லை, படிக்க மட்டும் செய்யும். முதலில் போட்ட வெறும் இனிட் சமயத்தில் லைப்ரரி(எல்எம்இ4) என்று நேராக ஒரு வரி இருந்தது. நான் கம்பைலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இவள் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து நிரலை 'அழகுபடுத்தி' இருக்கிறாள். பேக்கேஜ் பெயர்களை ஒரு பட்டியலில் போட்டு, எல்அப்ளை மூலம் ஒரே வரியில் எல்லாவற்றையும் ஏற்றும்படி மாற்றிவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்கிறவனுக்கு அது பேக்கேஜ் பெயர் என்று தெரியாது, வெறும் எழுத்துச் சரம். ரென்வ்::டிபென்டென்சீஸ்() கொடுத்தபோது, நிரலில் அது கண்டெடுத்த பேக்கேஜ்களின் பட்டியலில் எல்எம்இ4 இல்லவே இல்லை. பழையபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு லைப்ரரி வரி எழுத வைத்தேன். ஸ்னாப்ஷாட்டில் எல்எம்இ4 வந்தது, மேட்ரிக்ஸ் 1.6-5 வந்தது, என்எல்ஆப்ட்ஆரும் வந்தது.

ஞாயிறு காலையில் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தாள், காப்பு எடுக்க. ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டதும் பிழைமேல் பிழை. லைப்ரரிக்குள் இருப்பவை இணைப்புகள் அல்லவா, பென் டிரைவின் ஃபேட் அமைப்பில் இணைப்பு என்ற பொருளே கிடையாது. அந்த லைப்ரரியைக் காப்பு எடுக்கவே வேண்டாம். நிரல், தரவு, ரென்வ்.லாக், ஆர்ப்ரொஃபைல், ரென்வ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆக்டிவேட் கோப்பு, இவை போதும். சில நூறு கேபிதான். கண்ணுக்குத் தெரியாத கோப்பு என்று முன்னால் சொன்ன ஆர்ப்ரொஃபைலை இங்கேதான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அவளும் விட்டாள். கன்ட்ரோல்-ஹெச் அழுத்திக் காட்டிய பிறகு எடுத்தாள்.

அந்தக் காப்பு உண்மையில் உயிர் பிழைக்குமா என்று பார்க்க, என் மடிக்கணினியில் போட்டு ரென்வ்::ரெஸ்டோர்() ஓட்டினேன். என்னிடம் இருப்பது உபுண்டு 24.04, ஆர் 4.3.3. எடுத்த எடுப்பில், இந்த லாக் ஃபைல் 4.1.2-ல் எழுதப்பட்டது, நீங்கள் 4.3.3 வைத்திருக்கிறீர்கள் என்று எச்சரித்தது. எச்சரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. சிமேக் என்னிடம் ஏற்கெனவே இருந்ததால் எங்கும் நிற்கவில்லை. ஸ்லீப்ஸ்டடி 251.405, 10.467. நெல் அட்டவணையும் அதே.

ஆர் பதிப்பையும் சேர்த்துப் பூட்ட வேண்டும் என்றால் ராக்கர் குழுவினர் தரும் டாக்கர் படிமங்கள் இருக்கின்றன. பதிப்பு எண் சொல்லி எடுத்துக்கொள்ளலாம், கம்பைலர் முதல் லாபாக் வரை எல்லாம் பெட்டிக்குள் அடங்கும். 4 ஜிபி மடிக்கணினியில், ஆய்வேடு முடிக்கிற அவசரத்தில் இருப்பவளுக்கு டாக்கர் கற்றுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பதிலாக ஃபோல்டருக்குள் ஒரு சின்ன உரைக் கோப்பு எழுதி வைத்தேன். உபுண்டு 22.04, ஆர் 4.1.2, ஆர்-பேஸ்-டெவ், சிமேக், கிரான் தேதி 2024 பிப்ரவரி 15, கம்பைல் செய்யும்போது மேக்ஃப்ளாக்ஸ் ஒன்று. கீழே அவள் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'ஃபயர்ஃபாக்ஸை மூடவும்.'

பொது லைப்ரரியில் பழுதான அந்த எல்எம்இ4 இன்னும் அப்படியே இருக்கிறது. பூச்சிச் சாப்டர் முடிகிற வரை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு.